ரோ பயிற்சிகள்: நாரியை நோகவைக்காமல் முதுகைப் பலப்படுத்த – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கத்து ஜிம்களில் முதுகுப் பயிற்சி பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் சந்தேகங்களைத் தொகுத்திருக்கிறோம். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறோம். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்தே எழுதப்பட்டவை. ஆகவே முதல்தரம் மேலிருந்து வாசிப்பது நல்லது.

ரோ எண்டால் ஜிம்மில கிடக்கிற அந்தப் படகு மெஷின்தானே?

இரண்டும் வேறு. இருக்கை வழுக்கிக்கொண்டு போய்வரும் ரோவிங் மெஷின் பெரும்பாலும் மூச்சுக்கும் இதயத்துக்குமான பயிற்சி. பேரே வாவியில் படகு வலிப்பவர்களைக் கவனித்தால் தெரியும்: முதலில் கால் உதைக்கும், பிறகு உடல் சாயும், கை கடைசியாகத்தான் வரும். மெஷினிலும் அதே ஒழுங்குதான், வேலையின் பெரும்பங்கு கால்களுக்கே.

இங்கே பேசப்போகும் ரோ, பாரத்தை உடலை நோக்கி இழுக்கும் பயிற்சி. ஒரு கையால் பிடிக்கும் டம்பெல், இரண்டு கையாலும் பிடிக்கும் நீளக் கம்பியான பார்பெல், கப்பி மெஷினின் கேபிள், ரப்பர் பாண்ட், சொந்த உடம்பு என்று எதையும் இழுக்கலாம். அக்குளுக்குக் கீழே விரியும் லாட், தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ள ரொம்பொயிட், அதற்கு மேலாகக் கிடக்கும் ட்ரபீசியஸ், தோளின் பின்பக்கம், பைசெப்ஸ் எல்லாம் இதில் வேலை செய்யும். குனிந்து நின்று செய்தால் முள்ளந்தண்டின் இருபக்கமும் ஓடும் தசைகளும் நாரியைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

நான் லாட் புல்டவுன் செய்யிறன். பிறகு ரோ எதுக்கு?

புல்டவுன் மேலிருந்து கீழே இழுப்பது, ரோ முன்னாலிருந்து பின்னே இழுப்பது. இரண்டிலும் லாட் வேலை செய்யும். ஆனால் தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் கூட்டி நெருக்கும் நடுமுதுகுத் தசைகளுக்கு ரோவில்தான் முழு வேலை கிடைக்கிறது. நாள் முழுக்கக் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருப்பவருக்குப் பலம் குறைந்து கிடப்பதும் பெரும்பாலும் இந்தத் தசைகள்தான். புல்டவுனை விடவேண்டியதில்லை, இரண்டையும் செய்யுங்கள்.

இத்தினை வகை ரோ இருக்கு. எதில தொடங்கிறது?

எந்தத் தசை வளரவேண்டும் என்று பார்த்துத்தான் பலர் தெரிவு செய்கிறார்கள். முதலில் பார்க்கவேண்டியது உங்கள் நாரி எவ்வளவு தாங்கும் என்பதை. அந்தக் கணக்கில் ரோக்கள் மூன்று கூட்டம். முதலாவதில் உடம்பு எதிலாவது சாய்ந்திருக்கும்: நெஞ்சைப் பெஞ்சில் வைத்துச் செய்யும் செஸ்ட் சப்போர்ட்டட் ரோ, நெஞ்சுப்பட்டை உள்ள ரோ மெஷின். இரண்டாவதில் பாதித் துணை உண்டு: ஒரு கையைப் பெஞ்சில் ஊன்றும் ஒற்றைக் கை டம்பெல் ரோ, இருந்து இழுக்கும் கேபிள் ரோ, பாரில் தொங்கி நெஞ்சை மேலே இழுக்கும் இன்வர்ட்டட் ரோ. மூன்றாவதில் துணையே இல்லை: குனிந்து நின்று செய்யும் பார்பெல் ரோ, ஒரு முனை நிலத்தில் பதிந்திருக்கும் பாரை இழுக்கும் டீ-பார் ரோ.

2009இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முள்ளந்தண்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் மெக்கில் குழுவினர் மூன்று ரோக்களை அளந்து பார்த்தார்கள். குனிந்து நின்று செய்யும் பார்பெல் ரோ முதுகு முழுவதையும் நன்றாக வேலை வாங்கியது, நாரி முள்ளந்தண்டில் விழுந்த சுமையும் அதில்தான் மிக அதிகம். இன்வர்ட்டட் ரோவில் மேல்முதுகு கடுமையாக உழைத்தது, நாரிக்கு விழுந்த சுமை குறைவு. ஒற்றைக் கையால் இழுத்த கேபிள் ரோ, உடம்பு முறுகாமல் தடுக்கும் தசைகளைச் சோதித்தது. ஆகவே பார்பெல் ரோ கெட்டது என்று ஒதுக்கத் தேவையில்லை. அதன் விலை கூட, அவ்வளவுதான். புதிதாகத் தொடங்குபவர் முதல் 6 முதல் 8 கிழமைக்கு முதற்கூட்டத்தில் ஒன்றையும் ஒற்றைக் கை ரோவையும் செய்தால் போதும்.

எங்கட ஜிம்மில நெஞ்சு வைக்கிற மெஷின் இல்லை. என்ன செய்யிறது?

சாய்வை மாற்றக்கூடிய பெஞ்ச் ஒன்றும் இரண்டு டம்பெல்லும் போதும். சாய்வை 30 முதல் 45 பாகைக்குள் வையுங்கள். குப்புறச் சாய்ந்து, நாடி பெஞ்சின் மேல் விளிம்பைத் தாண்டி வெளியே இருக்கும்படி ஏறுங்கள். நாடி உள்ளே இருந்தால் கழுத்து மடியும். பாதங்களை விரித்து நிலத்தில் ஊன்றுங்கள். கை முழுதாகத் தொங்கும்போது டம்பெல் நிலத்தில் முட்டக்கூடாது. முட்டினால் சாய்வை ஒரு துளை உயர்த்துங்கள்.

இழுக்கும்போது முழங்கை இடுப்பை நோக்கிப் போகட்டும். மேலே ஒரு விநாடி நிறுத்தி, இரண்டு மூன்று விநாடியில் இறக்குங்கள். நெஞ்சு பெஞ்சை விட்டு எழும்பினால் பாரம் கூடிவிட்டது என்று அர்த்தம். இந்த ரோவில் கள்ளம் செய்வது கஷ்டம், அதுவே இதன் பெரிய நன்மை. கொழும்புப் புழுக்கத்தில் றெக்ஸின் பெஞ்ச் வியர்வையில் வழுக்கும். ஒரு துவாயை விரித்துக்கொள்ளுங்கள், உங்களுக்குப் பிறகு வருபவரும் நன்றி சொல்லுவார்.

ஒற்றைக் கை ரோ செய்தால் கைதான் நோகுது. முதுகில ஒண்டும் தெரியேல்லையே?

பெரும்பாலும் மூன்றில் ஒரு காரணம் இருக்கும். முதலாவது, டம்பெல்லைக் கையால் தூக்குகிறீர்கள். கையை ஒரு கொக்கியாக மட்டும் நினைத்து, முழங்கையைப் பின்பக்கப் பொக்கற்றுக்குக் கொண்டுபோவதாக இழுங்கள். இரண்டாவது, டம்பெல்லை நேரே நெஞ்சுக்கு உயர்த்துகிறீர்கள். அது வில்லாக வளைந்து இடுப்புப் பக்கம் வரவேண்டும். மூன்றாவது, கீழே இறக்கும்போது தோள்பட்டை எலும்பை முன்னால் போக விடுவதில்லை. அது முழுதாக இறங்கி நீண்டால்தான் அடுத்த இழுவையில் முதுகு முதலில் பிடிக்கும்.

இவை சரியாக இருந்தும் முன்கை முதலில் களைத்தால் பிடிதான் தடை. உள்ளங்கை வியர்வையைத் துடைத்துவிட்டுச் செய்யுங்கள். சோக் பூச ஜிம்மில் விடுவார்களா என்று கேட்டுப் பாருங்கள். கடைசி செட்டுக்கு (இடையில் ஓய்வெடுக்காமல் செய்யும் ஒரு சுற்றுக்கு) மட்டும், மணிக்கட்டைப் பிடியோடு சேர்த்துக் கட்டும் லிஃப்டிங் ஸ்ட்ராப் கட்டலாம். முதல் செட்டிலிருந்தே கட்டினால் பிடி ஒருநாளும் பலப்படாது.

நிற்கும் நிலையும் முக்கியம். ஒரு கை தோளுக்கு நேர் கீழே பெஞ்சில், அதே பக்க முழங்காலும் பெஞ்சில், மற்றக் கால் சற்று வெளியே. இடுப்பின் இரண்டு எலும்பும் நிலத்தைப் பார்த்து ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும். மோட்டார் இயந்திரத்தை ஸ்டார்ட் செய்யக் கயிறு இழுப்பதுபோல் உடம்பு திரும்பினால், வேலை முதுகிலிருந்து நாரியின் முறுக்கலுக்கு மாறிவிடும்.

சீட்டட் கேபிள் ரோவில முன்னுக்கு வளைஞ்சு நீட்டிறது சரியோ?

தோள்பட்டை முன்னால் போகலாம், நாரி வளையக்கூடாது. முழங்கால் சற்று மடிந்திருக்க, இடுப்பிலிருந்து 10 பாகையளவு முன்னும் பின்னும் சாய்வது பரவாயில்லை. முழு உடம்பும் ஊஞ்சல்போல் ஆடினால் கேபிளில் போட்ட பாரம் கூட.

அனேகருக்கு இதில் நாரி பிடிப்பது இழுக்கும்போது இல்லை, கைப்பிடியை எடுக்கும்போதும் திருப்பி வைக்கும்போதும்தான். காலை நீட்டி இருந்துகொண்டு கூனி எட்டிப் பிடித்து, அந்த வளைவோடேயே 40 கிலோவை இழுத்து நிமிர்வார்கள். அப்படிச் செய்யாமல் முழங்காலை நன்றாக மடித்து முன்னால் நகர்ந்து பிடியுங்கள். பிறகு கால்களால் தள்ளிப் பின்னால் போங்கள். முடிந்ததும் அதே வழியாலேயே முன்னால் வந்து வையுங்கள்.

பார்பெல் ரோவுக்கு எவ்வளவு குனியவேணும்? எனக்கு ஒருவர் நேரா நிண்டு செய்யச் சொல்லுறார், மற்றவர் மேசைபோலக் குனியச் சொல்லுறார்.

இரண்டுமே வேறு வேறு ரோ, அதனால்தான் குழப்பம். உடம்பு நிலத்துக்குச் சமாந்தரமாக, ஒவ்வொரு தரமும் பார் நிலத்தில் இருந்து தொடங்கினால் அது அமெரிக்கப் பளுதூக்கல் பயிற்றுநர் கிளென் பெண்ட்லேயின் பெயரால் வழங்கும் பெண்ட்லே ரோ. கிட்டத்தட்ட பாதி மட்டும் குனிந்து, வயிற்றின் கீழ்ப்பகுதிக்கு இழுத்தால் அது யேட்ஸ் ரோ. 1992 முதல் 1997 வரை உடற்கட்டழகுப் போட்டியான மிஸ்டர் ஒலிம்பியாவில் பட்டம் வென்ற டோரியன் யேட்ஸின் பெயர். பாதிக் குனிவில் நாரிக்குச் சற்று லேசு, பார் போகும் தூரம் குறைவு. சமாந்தரத்தில் தூரம் கூட, நாரிக்கும் வேலை கூட. ஆனால் பார் ஒவ்வொரு தரமும் நிலத்தில் இறங்குவதால் இடையில் நாரிக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். இரண்டுக்கும் நடுவே, உடம்பு நிலத்தோடு 30 முதல் 45 பாகைச் சாய்வில் இருக்கும்படி தொடங்குவது அனேகருக்குச் சரிவரும்.

எவ்வளவு என்பதைவிட எப்படி என்பது முக்கியம். ஒரு நீளத் தடியை முதுகில் வைத்து, தலையின் பின்பக்கம், நடுமுதுகு, இடுப்புக்குப் பின் நடு எலும்பு மூன்றிலும் முட்டியபடி இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனியுங்கள். மூன்று புள்ளியும் ஒட்டியே இருக்கும் ஆழம்தான் உங்கள் ஆழம். தடி விலகும் இடத்தில் நாரி வளையத் தொடங்குகிறது. தொடையின் பின்தசை இறுகியவர்களுக்கு அது சீக்கிரமே வரும். அவர்கள் முழங்காலை இன்னும் கொஞ்சம் மடிக்கவேண்டும்.

நம் சிறிய ஜிம்களில் வரும் இன்னொரு பிரச்சினை பிளேட்டின் அளவு. பெரிய ஒலிம்பிக் பிளேட்டின் விட்டம் 45 சென்ரிமீற்றர், ஆகவே பார் நிலத்திலிருந்து ஏறத்தாழ 22 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கும். சின்ன இரும்புப் பிளேட் போட்டால் பார் கணுக்காலுக்கு இறங்கிவிடும், அதை எடுக்கப்போகும்போதே நாரி வளையும். இரண்டு பக்கமும் வேறு பிளேட்டுகளை அடுக்கி உயர்த்துங்கள், அல்லது ராக்கிலிருந்து எடுங்கள். மெத்தென்ற ஓட்டச் சப்பாத்தும் பாட்டாவும் வேண்டாம். தட்டையான அடி உள்ள சப்பாத்துத்தான் சரி.

உள்ளங்கையை மேல பாக்கப் பிடிக்கிறதா, கீழ பாக்கவா?

உள்ளங்கை கீழே பார்த்தால் முழங்கை சற்று அகலும், மேல்முதுகும் தோளின் பின்பக்கமும் கூட வேலை செய்யும். மேலே பார்த்தால் முழங்கை உடம்போடு ஒட்டும், பைசெப்ஸ் கூடுதலாக இழுக்கும். பாரமும் கூடப் போடலாம், ஆபத்தும் அங்கேதான். யேட்ஸே 1994இல் இந்தப் பிடியில் இழுக்கும்போது இடது பைசெப்ஸைக் கிழித்துக்கொண்டவர். கேபிளிலோ டம்பெல்லிலோ இந்தப் பிடி நல்லது. கனமான பார்பெல்லுக்கு உள்ளங்கை கீழே பார்க்கட்டும். தோள்மூட்டு நோ உள்ளவர்களுக்கு இரண்டு உள்ளங்கையும் ஒன்றையொன்று பார்க்கும் பிடி பெரும்பாலும் சுகமாக இருக்கும்.

எத்தினை கிலோ, எத்தினை தரம்?

கிழமைக்கு இரண்டு நாள், ஒரு நாளில் இரண்டு வகை ரோ, ஒவ்வொன்றிலும் 3 செட், செட்டுக்கு 8 முதல் 12 தரம். செட் முடியும்போது ஒழுங்கு கெடாமல் இன்னும் இரண்டு தரம் செய்யலாம் என்ற நிலையில் நிறுத்துங்கள். டம்பெல் ரோவுக்குப் பெண்கள் 4 முதல் 6 கிலோவிலும் ஆண்கள் 8 முதல் 12 கிலோவிலும் தொடங்கிப் பார்க்கலாம். மூன்று செட்டிலும் 12 வந்தபிறகு அடுத்த டம்பெல்லுக்குப் போங்கள். 10இலிருந்து 12.5க்குப் போவது கால்வாசிக் கூடுதல் என்பதால் தரம் 8க்கு இறங்கும். அது தோல்வியில்லை, அங்கிருந்து மறுபடி ஏறுவதுதான் முறை.

பார்பெல்லில் பாரின் பாரத்தையும் சேருங்கள். ஒலிம்பிக் பார் 20 கிலோ, பெண்களுக்கான மெல்லிய பார் 15 கிலோ. மெலிந்த கட்டைப் பார்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாரம், தராசில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

விடிய அஞ்சரைக்கு ஜிம், பிறகு ஓஃபிஸ். விடியப் பார்பெல் ரோ செய்தால் நாரி இறுகுது. ஏன்?

இரவு படுத்திருக்கும்போது முள்ளந்தண்டுக்கு இடையிலுள்ள டிஸ்க்குகள் நீரை உறிஞ்சிப் பருக்கும். எழும்பிய முதல் ஒரு மணித்தியாலத்தில் குனியும்போது டிஸ்க்கில் விழும் அழுத்தம், பகலில் அதே அளவு குனிவதைவிடக் கூட. கட்டிலால் இறங்கி இருபது நிமிடத்தில் பார்பெல்லுக்கு முன்னால் நின்றால் இறுகத்தான் செய்யும். விடியக் காலையில் முதற்கூட்டத்து ரோவைச் செய்யுங்கள், பார்பெல்லைப் பின்னேரத்துக்கோ சனி ஞாயிறுக்கோ வையுங்கள்.

பின்னேரம் போனாலும் ஒரு எச்சரிக்கை. காலி வீதி நெரிசலில் ஒரு மணித்தியாலம் கூனியபடி பஸ்ஸில் இருந்துவிட்டு இறங்கியவுடன் பாரம் தூக்கவேண்டாம். ஐந்து பத்து நிமிடம் நடந்துவிட்டுத் தொடங்குங்கள்.

பெல்ட் கட்டினால் பயமில்லைத்தானே?

பெல்ட் என்பது வயிற்றை இறுக்கித் தள்ள ஒரு சுவர். வளைந்த நாரியை அது நிமிர்த்தாது. மேலே சொன்ன தடிச் சோதனையில் தவறுகிறவருக்குப் பெல்ட் தருவது வெறும் துணிவு, அதுதான் ஆபத்து.

அடுத்த நாள் நோகுது. இது நல்ல நோவோ, கூடாத நோவோ?

தசை நோ ஒரு நாள் கழித்துத் தொடங்கி, இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு நாளில் போய்விடும். இரு பக்கமும் பரவலாக இருக்கும், நடந்தால் குறையும். பயிற்சியின்போதே ஒரு இடத்தில் சுரீரென்று குத்தியது, ஒரு பக்கம் மட்டும் நோவது, பிட்டத்தைத் தாண்டிக் காலுக்கு இறங்குவது, கால் விறைப்பது என்றால் அது வேறு. ரோவை நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள். எண்ணெய் பூசி உருவுவது அதற்குப் பிறகு.

இரண்டு கால்களும் பலமிழப்பது, மறைவிடத்தைச் சுற்றி மரத்துப்போவது, சிறுநீர் அல்லது மலத்தைக் கட்டுப்படுத்த முடியாமல் போவது அல்லது சிறுநீர் போகாமல் நிற்பது: இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகவேண்டும். அடுத்த நாள் சனல் பண்ணிப் பார்ப்போம் என்று இருக்கக்கூடாது.

டிஸ்க் தள்ளியிருக்கு எண்டு ஸ்கானில சொன்னவை. ரோவே செய்யக்கூடாதோ?

ஸ்கான் படத்தை மட்டும் வைத்துச் சொல்லமுடியாது. எந்த நோவும் இல்லாத பலரின் ஸ்கானிலும் டிஸ்க் புடைப்பு தெரிவதுண்டு. நோ கடுமையாக இருக்கும் நாட்களில் வேண்டாம். நோ அடங்கி, வைத்தியரோ பிசியோதெரபிஸ்டோ சம்மதித்த பிறகு, நெஞ்சைச் சாய்த்துச் செய்யும் ரோ மிகக் குறைந்த பாரத்தில். நோ காலுக்குக் கீழே இறங்கிக்கொண்டு போனால் நிறுத்துங்கள். மூன்றாம் கூட்டத்துக்கு அவசரப்படத் தேவையில்லை, ஒருநாளும் போகாவிட்டாலும் முதுகு பலப்படும்.

ஜிம்முக்குப் போக வசதியில்லை. அனெக்ஸில இருக்கிறம், வீட்டில என்ன செய்யலாம்?

கைப்பிடி உள்ள 5 லீற்றர் தண்ணீர்ப் போத்தல் 5 கிலோ. புத்தகம் நிரப்பிய பாடசாலைப் பையில் 10 கிலோ வரும், அரிசிப் பைக்கற்றுகளை வைத்தால் கிலோ கணக்கும் சரியாகத் தெரியும். கட்டில் விளிம்பில் ஒரு கையை ஊன்றி ஒற்றைக் கை ரோ செய்யலாம். காஸ் சிலிண்டரை இதற்கு எடுக்கவேண்டாம். உள்ளே இருக்கும் காஸ்தான் 12.5 கிலோ, இரும்பின் பாரம் அதற்கு மேலே. பிடிக்கவும் வசதியில்லை, விழுந்தால் வால்வுக்கும் கூடாது.

ரப்பர் பாண்டைக் கதவில் மாட்டினால், கதவு உங்கள் பக்கம் திறவாத திசையில் நின்று பூட்டிவிட்டு இழுங்கள். அப்போது இழுக்க இழுக்கக் கதவு நிலையோடு இறுகும். பிழையான பக்கம் நின்றால் கதவு முகத்துக்கு வரும். சாப்பாட்டு மேசைக்குக் கீழே தொங்கி இன்வர்ட்டட் ரோ செய்வதை வீடியோவில் காட்டுவார்கள். கனமான மரமேசை என்றால் சரி. கண்ணாடி மேசை, பிளாஸ்டிக் மேசை, ஒற்றைக்கால் மேசை எதிலும் வேண்டாம்.

அம்மாவுக்கு 62 வயசு, பிரஷரும் இருக்கு. அவவும் செய்யலாமோ?

வைத்தியரைக் கேட்டுவிட்டுச் செய்யலாம், செய்வது நல்லதும்கூட. உறுதியான கதிரையில் நிமிர்ந்து இருந்து, மெல்லிய பாண்டை முன்னால் மாட்டி 10 முதல் 15 தரம், இரண்டு செட். இழுக்கும்போது மூச்சை வெளியே விடவேண்டும். மூச்சை அடக்கி இழுத்தால் பிரஷர் சட்டென்று ஏறும். வாய்விட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னால் மூச்சு தானாக வெளியே போகும். எலும்பு தேய்வு (எலும்பின் அடர்த்தி குறைந்து பலவீனமாகும் ஒஸ்டியோபொரோசிஸ்) இருக்கிறது என்று சொல்லப்பட்டவர்கள் பாரத்தோடு குனியும் எந்த ரோவும் செய்யக்கூடாது.

டெட்லிஃப்ட் செய்யிற நாளிலேயே பார்பெல் ரோவும் போடலாமா?

செய்கிறவர்கள் இருக்கிறார்கள், பெரும்பாலானோருக்குத் தேவையில்லை. பார்பெல்லை நிலத்திலிருந்து தூக்கி நிமிரும் டெட்லிஃப்டில் களைத்த நாரித் தசைதான் ரோவிலும் உடம்பைப் பிடிக்கவேண்டும். அது முதலில் விட்டுக்கொடுக்கும், மேல்முதுகு பாதி வேலையோடு நின்றுவிடும். அந்த நாளில் நெஞ்சு சாய்த்த ரோவைச் செய்யுங்கள். பார்பெல் ரோவை இரண்டு மூன்று நாள் தள்ளி வையுங்கள்.

கடைசி ரெண்டு தரம் கொஞ்சம் எத்தி இழுத்தால் பிழையோ?

நன்றாகப் பழகியவர் ஒற்றைக் கை ரோவின் கடைசித் தரத்தில் சற்று உடம்பைக் கொடுத்தால் பெரிய சேதம் வராது. ஒரு கை ஊன்றியிருக்கிறது. பார்பெல்லில் அப்படியில்லை. குனிந்த நிலையில் நிமிர்ந்து எத்தி, பாரம் திரும்பி விழும்போது நாரி வளைவது ஒரே விநாடிக்குள் நடக்கும். பிடிப்பு வருவதும் அந்த இறக்கத்தில்தான். பக்கத்தில் போனை நிறுத்தி ஒரு செட்டைப் பக்கவாட்டில் படம் எடுத்துப் பாருங்கள். முதல் தரத்தில் உடம்பு இருந்த சாய்வும் கடைசித் தரத்தில் இருக்கும் சாய்வும் கண்ணுக்குத் தெரியும்படி வேறுபட்டால், அந்த செட் இரண்டு தரம் முன்பே முடிந்துவிட்டது. அடுத்த செட்டில் 5 கிலோ கழற்றுங்கள்.